ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள வெளி

தேவகோட்டையைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. இனிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போடுவதைப் போல இதற்கும் ஒரு பெரிய திட்டம் போட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பெருநகரத்தைத் திட்டமிடுவதற்கும் சிறுநகரத்தைத் திட்டமிடுவதற்கும் அளவைத் தவிர வேறு வேறுபாடு உண்டா? செட்டிநாட்டுக்கு எந்த முறை பொருந்தும்?"

நகரமைப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். முதல் பாதியைச் சென்னையிலும் மீதியைத் தென்மாவட்டங்களிலும் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பள்ளத்தூருக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறேன். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருநகரத்தில் திட்டமிடுபவர் பெரும்பாலும் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டதோடு போராடுகிறார். சிறுநகரத்தில் திட்டமிடுபவர் இன்னும் கட்டப்படாத இடத்தைக் காக்க வேண்டியவர். இந்த வேறுபாட்டை மறந்து, பெருநகரத்துக்கு எழுதிய திட்டத்தைச் சுருக்கிச் சிறுநகரத்துக்குப் போர்த்துவதுதான் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை நகர்த்தொகுதியில் 86 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அன்றைய காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2014இல் மத்திய அரசு வெளியிட்ட நகர்ப்புறத் திட்ட வழிகாட்டி நெறிகள் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களை நடுத்தர நகரங்கள் என்றும், பத்து லட்சத்தைத் தாண்டியவற்றைப் பெருநகரங்கள் என்றும் வகைப்படுத்துகின்றன. 1928இல் நகராட்சியான காரைக்குடி 2024இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறிவிட்டது. ஆனால் திட்டமிடுபவரின் கண்ணுக்கு அது இன்றும் நடுத்தர நகரந்தான். அதிலும் பல ஊர்களின் கூட்டமாக அமைந்த நகரம். இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. பெருநகரங்கள் கோடிகளைக் கொட்டியும் திரும்பப் பெற முடியாத ஒன்று, நம் ஊர்களுக்கு நடுவே இன்னும் மிச்சமிருக்கிறது.

சென்னையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 1920இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை உருவாக்கினார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகள் அதிலிருந்து கதிர்களைப் போலப் பிரிந்து செல்லும் அந்த அமைப்பு வரைபடத்தில் பார்க்க இன்றும் அழகாகவே இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இவற்றை அறியாமையால் நடந்த ஆக்கிரமிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. படித்த பொறியாளர்கள், முறையான வரைபடத்தோடு, அரசாணையோடு செய்தவை இவை. நகரம் வளர நிலம் வேண்டும், ஏரியோ ஒரே துண்டாக அரசின் கையில் இருக்கும் பெரும்பரப்பு. எனவே ஏரியை எடுத்துக்கொள்வது அன்றைக்கு மிக எளிய தீர்வாகத் தோன்றியது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைக் கிடங்காகவும் சாலையாகவும் கட்டடங்களாகவும் கரைந்து, எஞ்சிய 1,247 ஹெக்டேர் மட்டுமே 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் வந்த வெள்ளம் தனக்குரிய பழைய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன்வழி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டபூர்வ அமைப்பாகி, 1970களின் நடுவில் நகரம் முழுவதற்குமான நிலப்பயன்பாட்டை வகுக்கும் முதல் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) கொண்டுவந்தது; இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நகரத்தின் பாரத்தை இறக்குவதற்காக மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணை நகரங்களை முதல் திட்டக் காலத்திலேயே தொடங்கினார்கள். மனைகளும் சாலைகளும் போட்டுவைத்த பிறகும் மக்கள் உடனே அங்கே போய்விடவில்லை. வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீடு போகும் என்ற பாடத்தை மறைமலை நகர் பல ஆண்டுகள் காத்திருந்து கற்றுக்கொடுத்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இவ்வளவு பரப்பில் திட்டமிடுபவரின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்வரும் மக்களை எப்படி நகர்த்துவது, மெட்ரோ பாதையை எந்தத் தெருவுக்கு அடியில் கொண்டுபோவது, குடிநீர் வாரியம், மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை ஆகியவற்றை ஒரே மேசையில் எப்படி உட்கார வைப்பது என்பவைதான் அங்கே அன்றாடக் கேள்விகள். அடுக்குமாடியும் மெட்ரோவும் துணை நகரமும், மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்துவதும் அந்த நோய்க்கு உரிய மருந்துகள். அந்த நோய் நமக்கு இல்லை.

சிறுநகரத்தில் வளர்ச்சி எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இங்கே நகரத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது முழுமைத் திட்டம் என்று சொல்வதைக் காட்டிலும் மனைப்பிரிவு என்று சொல்வதுதான் பொருந்தும். ஒருவர் இரண்டு ஏக்கர் புன்செய்யை வாங்குகிறார், கருவேலை அகற்றுகிறார், செம்மண் சாலை போடுகிறார், கல் நடுகிறார், நுழைவாயிலில் வளைவு வைத்துக் கொடி கட்டுகிறார். ஆறே மாதத்தில் நாற்பது மனைகள் விற்றுப்போகின்றன. பத்து ஆண்டுகளில் அவற்றில் பாதியில் வீடு வருகிறது. பக்கத்து நிலக்காரரும் அதையே செய்கிறார். அவருடைய சாலை முதலாமவரின் சாலையோடு சேரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாததால் ஒரு தெரு திடீரென்று சுவரில் போய் முட்டி நின்றுவிடுகிறது. இப்படி ஐம்பது மனைப்பிரிவுகள் சேர்ந்ததுதான் இன்றைய சிறுநகரத்தின் புறநகர். திட்டக் குழு வரைபடத்துக்கு வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஊர் வேறொரு வடிவத்தில் வளர்ந்து முடிந்திருக்கும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்வதற்குத் தடை விதித்தபோது மாநிலம் முழுவதும் நிலச்சந்தை உறைந்து நின்றது. அங்கீகாரம் இல்லாமல் எவ்வளவு நிலம் மனைகளாகிவிட்டது என்பதற்கு அந்த உறைவே சாட்சி. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தது. உழைத்துச் சேர்த்த பணத்தில் மனை வாங்கிய எளிய குடும்பங்களை நடுத்தெருவில் விட முடியாது என்பதால் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனை பிரிக்கும்போது இடம் ஒதுக்காமல் விட்ட சாலையையும் பூங்காவையும் வாய்க்காலையும் எந்தக் கட்டணத்தாலும் பின்னர் உண்டாக்க முடியாது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால் நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயித்த நில மதிப்பை) பணமாகக் கட்டலாம் என்ற சலுகையும் இருக்கிறது. சென்னையில் ஒரே வளாகமாகப் பல ஏக்கரில் கட்டும் நிறுவனத்துக்கு இந்த விதி ஓரளவு பிடிமானமாக இருக்கிறது. எழுபது சென்ட், ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று சிறிது சிறிதாகப் பிரியும் நம் பகுதியில், விதியை எவரும் மீறாமலேயே ஒரு பூங்காகூட இல்லாத புறநகர் உருவாகிவிடுகிறது. ஒரே விதி ஓர் இடத்தில் காவலாகவும் மற்றோர் இடத்தில் ஓட்டையாகவும் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்த ஒரு காலைநேரத்தில் அங்கே போய் நின்றேன். நிலத்தின் பழைய புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) மேற்கிலிருந்து கிழக்காக இரண்டு மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. அது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடம் முப்பது அடிச் சாலை என்று குறிக்கப்பட்டிருந்தது. சாலைக்காகக் கிராவல் அடித்து இரண்டடி உயர்த்தியிருந்தார்கள். அதன் மேற்கே முழங்காலளவு தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு வீட்டின் வாசற்படி மூழ்கி, கோலப்பொடி டப்பா மிதந்துகொண்டிருந்தது. கிழக்கே முந்நூறு அடி தள்ளி இருந்த ஊருணியில் அந்த மழைக்குப் பிறகும் படித்துறையின் அடிப்படி வரைகூட நீர் ஏறவில்லை. ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வறட்சி. நடுவே இருந்தது இரண்டடி மண். சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கல் அது. அந்த மனைப்பிரிவைப் பார்வையிட்டவர்கள் கோடை மாதத்தில் வந்திருந்தார்கள். சித்திரையில் பார்த்தால் வரத்துக்கால் என்பது ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான்.

செட்டிநாட்டின் பழைய அமைப்பைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது ஒரு முழுமையான நகரத் திட்டம் என்பதால் சொல்கிறேன். ஆறு என்று சொல்லத்தக்க ஆறு பாயாத, செம்மண்ணும் செம்பாறையுமான வறண்ட பூமி இது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' என்ற சொல் வணிகர்களின் அவையைக் குறித்தது. அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை கடல் கடந்து ஈட்டிய பொருளைக் கொண்டு இங்கே எழுப்பிய ஊர்களில் தெருக்கள் நேர்கோடாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ நடந்துபோனால், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகள் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம். ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவின் முற்றத்தில் இறங்குகிறது. வீட்டுக்கு வேண்டியது அண்டாவிலும் கிடாரத்திலும் நிறைந்த பிறகு மிச்சம் கிணற்றுக்கோ தெருவோர வாய்க்காலுக்கோ போகிறது. தெருவின் சரிவு அந்த நீரை ஊருணிக்குக் கொண்டுசெல்கிறது. ஊருணி நிறைந்து வழிந்தால் பாசன ஏரியான கண்மாய்க்குப் போகிறது. மழைநீர் சேகரிப்பை மாநிலம் முழுவதும் அரசு கட்டாயமாக்கியது 2003இல். இங்கே வீட்டின் கூரை, தெருவின் சரிவு, ஊரின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் இணைக்கப்பட்டு நூறாண்டு ஆகியிருந்தது.

ஒவ்வோர் ஊருக்கும் தனி ஊருணி, தனி நகரச் சிவன் கோயில். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் வெளி. பொட்டலும் கருவேலங்காடும் கண்மாயும் வயலுமாகக் கிடக்கும் அந்த வெளியைப் பார்ப்பவர்களுக்கு அது வெற்றிடமாகத் தோன்றும். ஊருணிகளுக்கு நீர் கொடுப்பது அதுதான். ஊர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த வெளி. 2014இல் இந்தியா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலுக்குச் செட்டிநாட்டை அனுப்பியபோது தனி மாளிகைகளாகக் குறிப்பிடாமல் வணிகர்களின் ஊர்த்தொகுதிகளாகவே குறிப்பிட்டது. அந்தச் சொல்லின் பொருளை நம் திட்டங்கள் இன்னும் உள்வாங்கிக்கொள்ளவில்லை.

இனி விதிகளுக்கு வருகிறேன். 2019 வரை சென்னைக்கு ஒரு வகை விதிகள், நகராட்சிகளுக்கு 1972ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், ஊராட்சிகளுக்கு 1997ஆம் ஆண்டு விதிகள் என்று தனித்தனியாக இருந்தன. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அனைத்தையும் ஒன்றாக்கின. இதனால் குழப்பம் குறைந்தது, கையூட்டுக்கான சந்துகள் சிலவும் அடைபட்டன என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி பெறலாம் என்று 2024இல் வந்த ஏற்பாடு பெரிய ஆறுதல். ஆனால் தளப்பரப்புக் குறியீடு எங்கும் பொதுவாக 2 என்று வைக்கும்போது, அண்ணா நகர் மனைக்கும் ஆத்தங்குடி மனைக்கும் ஒரே மதிப்பீடு வந்துவிடுகிறது. தெருவை ஒட்டித் திண்ணையும் அதற்குப் பின்னே முகப்புமாக வரிசையாய் அமைந்த ஒரு தெருவில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பொதுவான விதிப்படி புதிதாகக் கட்டினால், முன்புறமும் பக்கவாட்டிலும் இடைவெளி விட்டு, நடுவில் பெட்டியைப் போல ஒரு மாடிவீடு எழும். விதி மீறப்படவில்லை, தெரு உடைந்துபோனது. பல்லில் ஒன்று விழுந்த வாயைப் போல அந்தத் தெரு நிற்கும்.

பழைய வீடுகள் ஏன் இடிபடுகின்றன என்பதையும் திட்டமிடுபவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது புள்ளிகள் (நகரத்தார் வழக்கில் தனித்தனிக் குடும்பங்கள்) பங்குதாரர்களாக இருப்பார்கள். அவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். ஓட்டை மாற்ற யார் பணம் போடுவது என்ற பேச்சு முடிவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். நீர் இறங்கிய சுவர் சரிந்ததும், பர்மா தேக்குத் தூண்களையும் கதவு நிலைகளையும் கழற்றி விற்றுவிட்டு மனையாகப் பிரிப்பதே எளிய வழியாகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தவை. இதற்கான மருந்து பெருநகரத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்காது. பாரம்பரியத் தெருக்களுக்கெனத் தனி விரிவு அபிவிருத்தித் திட்டம், அதாவது அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாக வரையும் திட்டம், வேண்டும். அதில் முகப்பு வரிசை, உயரம், கூரை ஆகியவற்றுக்கு அந்தந்த ஊருக்கே உரிய விதி வேண்டும். வீட்டைக் காப்பாற்றும் குடும்பத்துக்குச் சொத்துவரியில் உண்மையான சலுகை வேண்டும். பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் வசதியும் வேண்டும். தடை மட்டும் விதித்துவிட்டுப் போனால் வீடு தானே விழும் வரை காத்திருப்பார்கள்; அதை நான் வேறு ஊர்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேருந்து நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்கும், 2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்துக்கும் நிலையங்கள் நகர்ந்தன. நெரிசல் தாங்காத பெருநகரத்துக்கு அது தேவையாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுச் சிறுநகரங்களும் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையோரம் கொண்டுபோக ஆசைப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது. சிறுநகரத்தின் பேருந்து நிலையம் வெறும் போக்குவரத்து இடம் அன்று. காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கீரைக்கட்டும் வெள்ளரிப்பிஞ்சும் கொண்டுவரும் ஆச்சிமார்களும் அக்காமார்களும் இறங்கி நூறடி நடந்தால் சந்தை. பள்ளிக்கூடமும் மருத்துவரும் வங்கியும் நடை தூரத்தில். நிலையத்தை நான்கு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அவர்கள் ஒவ்வொரு நாளும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அவர்களது லாபத்தையே தின்றுவிடும். நடந்தே போகக்கூடிய ஊர் என்பது சிறுநகரத்தின் தலையாய செல்வம். பெருநகரங்கள் இப்போது பெரும்பொருள் செலவழித்துத் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். நடைபாதையை அகலப்படுத்துவதும், கடைவீதியில் சரக்கு இறக்குவதற்கு நேரம் வரையறுப்பதும், சைக்கிளுக்கு நிழல் கொடுப்பதும் சிறுநகரத்துக்குப் போதுமான போக்குவரத்துத் திட்டமாக இருக்க முடியும்.

சிறுநகரத்தில் ஒரே ஒரு நில முடிவு ஊரின் திசையையே மாற்றிவிடும் என்பதற்குக் காரைக்குடியே சான்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் நிலையம் திறக்கப்பட்டது. அன்று பொட்டலாகக் கிடந்த பக்கம் ஊர் நகர்ந்தது, கல்லூரிச் சாலை முக்கிய வீதியானது, அழகப்பாபுரம் எழுந்தது. சென்னையில் 300 ஏக்கரில் ஒரு நிறுவனம் வந்தால் அது பத்தோடு பதினொன்று. காரைக்குடியில் அது எழுபது ஆண்டுகளுக்கு ஊரின் வரைபடத்தை எழுதிவிட்டது. எனவே இங்கே ஆட்சியர் அலுவலகமோ மருத்துவமனையோ சட்டக் கல்லூரியோ எங்கே அமைய வேண்டும் என்ற முடிவை, கிடைக்கும் புறம்போக்கில் போட்டுவிடலாம் என்று எடுக்கக் கூடாது. எந்தத் திசையில் ஊர் வளர்ந்தால் நீர்வழி கெடாது என்பதை முதலில் கேட்டுவிட்டு அங்கே நிலம் தேட வேண்டும்.

ஆட்பலத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெருநகரக் குழுமத்தில் போக்குவரத்துக்கு ஒரு பிரிவு, வரைபடத்துக்கு ஒரு பிரிவு, வெளியிலிருந்து ஆலோசகர்கள் என்று எல்லாம் இருக்கும். சிறுநகரத்தில் ஓர் அலுவலர், ஓர் ஆய்வாளர், ஒரு ஜீப். அவர்கள் மேசையில் கட்டட அனுமதிக் கோப்புகள் குவிந்திருக்கும். அந்த இருவருக்கும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று யோசிக்க நேரம் எங்கிருந்து வரும்? ஆலோசகர் வந்து முந்நூறு பக்க அறிக்கை கொடுத்தாலும், ஒரு ஊரின் அறிக்கையில் இன்னோர் ஊரின் பெயர் தவறி நிற்பதை நான் ஒருமுறை பார்க்க நேர்ந்தது. அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. இதற்கு ஒரு மாற்று வழி நூறாண்டுகளுக்கு முன்பே நம் மாகாணத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தி, மாகாணத்தின் ஊர்கள் பலவற்றை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேராக்கும் அன்றைய வழக்கத்தை அவர் எதிர்த்தார்; முதலில் ஊரை அறிந்து, கெட்டுப்போன இடத்தை மட்டும் சிறிதளவு அகற்றி, மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்றார். கோயில் நகரங்களின் அமைப்பைப் பெரிதும் மதித்தவர் அவர். சிறுநகரத்துக்கு அந்த முறைதான் பொருந்தும். அதற்குப் பெரிய அலுவலகம் தேவையில்லை, நடக்கும் கால்கள் தேவை.

சரி, காரைக்குடிக்கு என்ன செய்யலாம்? அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளுக்குப் பெருநகரத் திட்டக் குழுவையும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்டத் திட்டக் குழுவையும் வகுத்துத் தந்திருக்கிறது. ஊரகத்தையும் நகரத்தையும் சேர்த்துப் பார்ப்பதே பின்னதன் பணி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு நகரத்துக்கான முழுமைத் திட்டத்துக்கு முன்னதாக மண்டலத் திட்டம் என்ற ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் ஆகியவற்றையும் அவற்றுக்கு நடுவே கிடக்கும் வெளியையும் ஒரே தாளில் வரைய வேண்டும். மாவட்ட எல்லை குறுக்கே வந்தாலும் நீர் அதைப் பார்த்து ஓடுவதில்லை. அந்தத் தாளில் முதலில் கண்மாய், ஊருணி, வரத்துக்கால், மிகுநீர் வழியும் கலுங்கு ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும். காரைக்குடியின் குடிநீருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த சம்பை ஊற்றுக்கு மழைநீர் உட்செல்லும் நிலம் எது என்பதைக் குறிக்க வேண்டும். அவற்றில் கட்டடம் வராது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் குடியிருப்புக்கு எது, வணிகத்துக்கு எது என்று வண்ணம் பூசலாம். சென்னையில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

மனைப்பிரிவுகள் துண்டு துண்டாக வருவதற்கும் வழி இருக்கிறது. குஜராத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல நிலவுடைமையாளர்களின் நிலங்களை ஒன்றாகத் தொகுத்து, சாலைக்கும் பூங்காவுக்கும் பொதுத்தேவைக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அவரவரிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். அகமதாபாத் போன்ற பெருநகரத்தை அப்படித்தான் விரித்தார்கள். நிலத்தின் விலை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள, உரிமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறுநகரத்துக்கு அது மேலும் எளிதாகப் பொருந்தும் என்று நம்புகிறேன். ஐந்து நிலக்காரர்களை ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பேசலாம். சென்னையில் அந்தத் திண்ணையே இல்லை.

நீங்கள் மாணவி என்பதால் உங்களுக்குச் செய்யத்தக்க ஒரு வேலையைச் சொல்கிறேன். உங்கள் ஊரின் ஓர் ஊருணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைச் சுற்றியுள்ள நிலங்களின் புலப்படங்களையும், சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் அ-பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே, குடையோடு வரத்துக்காலின் தலைப்பிலிருந்து ஊருணி வரை நடந்து, எங்கெங்கே நீர் நிற்கிறது, எங்கெங்கே திசை மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் யாரையாவது உடன் அழைத்துப் போங்கள். வரைபடத்தில் இல்லாத மடையை அவர்கள் காட்டுவார்கள். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலான ஊர்களில் அந்த இரண்டு மாதத்தில் வரும் கடிதங்கள், என் நிலத்தை விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றுங்கள் என்று கேட்பவைதான். நீர்வழியைக் குறிப்பிட்டு வந்த கடிதத்தை என் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் எழுதும்போது ஊருணியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், வரத்துக்கால் கடக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் உட்பிரிவோடு எழுதி, நடந்து பார்த்த தேதியைக் குறிப்பிட்டு, புலப்பட நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வே எண் இல்லாத கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு அலுவலர் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். சர்வே எண் உள்ள கடிதத்துக்கு அவர் எழுத்தில் விடை எழுதியாக வேண்டும்.